மறைக்காமல் தெரிந்துகொள்வோம்: மார்பக உயர்த்தல் அறுவைச் சிகிச்சை

தீபாவளி விடுமுறைக்கு வீட்டிற்குச் சென்றிருந்தபோது, சித்தி என்னைச் சமையலறையின் பின்பக்கம் அழைத்துச் சென்று கைத்தொலைபேசியை நீட்டினார். "நீ டாக்டருக்குத்தானே படிக்கிற? இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. சித்தப்பாகிட்ட சொல்லிடாத," என்றார். திரையில் ஓர் அழகு நிலையத்தின் விளம்பரம். தொய்ந்த மார்பகத்தை அறுவை இல்லாமல், வலி இல்லாமல், ஒரே மணி நேரத்தில் உயர்த்தித் தருவார்களாம். பண்டிகைக் காலச் சலுகையும் உண்டாம். முன்பணம் ஐந்நூறு ரிங்கிட்.

"எல்லாம் ரெண்டு பிள்ளைக்கும் பால் குடுத்ததால வந்த வினை. நாளைக்கு உனக்குக் குழந்த பிறந்தா ரொம்ப நாள் குடுக்காத," என்று ஓர் அறிவுரையும் சொன்னார்.

மருத்துவம் நான்காம் ஆண்டு பயிலும் எனக்கு அன்று முழுமையான பதில் சொல்லத் தெரியவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன், விரிவுரையாளர்களிடம் கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றை நம் மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேசக் கூசும் பொருளாயிற்றே என்று சிலர் எண்ணலாம். நாம் பேசாமல் விடுவதை விளம்பரங்கள் பேசிவிடுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

மார்பகம் ஏன் தொய்வடைகிறது?

மார்பகம் பால் சுரப்பிகளாலும் கொழுப்பாலும் ஆனது. அதைத் தாங்கி நிற்பவை இரண்டு: ஒன்று மேலே போர்த்தியிருக்கும் தோல், மற்றொன்று உள்ளே வலைபோலப் பின்னியிருக்கும் மெல்லிய இணைப்பு நார்கள். இந்நார்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயராலேயே இவை 'கூப்பர் தசைநார்கள்' என்று அழைக்கப்படுகின்றன. தமிழில் தசைநார் என்று சொன்னாலும் இவை தசையல்ல. மார்பகத்துக்குள் அதைத் தூக்கி நிறுத்தும் தசை எதுவும் இல்லை. மார்புத் தசை மார்பகத்துக்குப் பின்னால், விலா எலும்பின்மேல் படிந்துள்ளது.

இந்த ஓர் உண்மையை அறிந்தாலே பாதி விளம்பரங்கள் அடிபட்டுப் போகும். தண்டால் எடுத்தால் பின்னால் இருக்கும் தசை வலுப்பெறும். அது உடலுக்கு நல்லதுதான். ஆனால் முன்னால் தளர்ந்துபோன தோலையும் நாரையும் அது இழுத்துக் கட்டாது. களிம்பு தோலின் மேற்பரப்பை ஈரப்பதமாக வைத்திருக்கும். அதற்குமேல் அதனால் எதையும் உயர்த்த இயலாது.

வயது ஏற ஏறத் தோலின் மீள்தன்மை குறைகிறது. கர்ப்பக் காலத்தில் மார்பகம் பெருத்துப் பின்னர் சுருங்குகிறது. உடல் எடை ஏறி இறங்கும்போதும் இதுவே நிகழ்கிறது. காற்று ஊதிய பலூன் சுருங்கிய பின் பழைய நிலைக்குத் திரும்பாதது போல, விரிந்த தோல் முழுமையாகச் சுருங்குவதில்லை. இயல்பிலேயே பெரிய மார்பகம் உடையவர்களுக்குப் புவியீர்ப்பின் இழுவையும் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு சுரப்பித் திசு குறைவதால் தொய்வு மேலும் தெரிகிறது.

இவை யாவும் இயற்கையான மாற்றங்கள். தொய்வு ஒரு நோயன்று. இரு மார்பகங்களும் சற்றே வேறுபட்டிருப்பதும் குறையன்று. பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும். கண்ணாடிமுன் நின்று தம்மை விளம்பரப் படங்களோடு ஒப்பிட்டு வருந்தும் தோழியர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தாய்ப்பால்மீது விழுந்த பழி

பால் கொடுத்ததால்தான் தொய்ந்தது என்ற நம்பிக்கை சித்தியுடையது மட்டுமன்று, உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் கென்டகிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரையன் ரின்கரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மார்பக அழகியல் அறுவைக்காக வந்தவர்களில், முன்பு கருவுற்றிருந்த 93 பெண்களின் விவரங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். பால் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இடையே தொய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வயது, கருவுற்ற எண்ணிக்கை, உடற்பருமன், கர்ப்பத்துக்கு முன்பே பெரிய மார்பகம், புகைப்பழக்கம் ஆகியவையே தொய்வோடு தொடர்புடையனவாக இருந்தன.

இது சிறிய ஆய்வுதான். எனினும் மாற்றத்தைக் கொண்டுவருவது கர்ப்பமே, பால் கொடுப்பதன்று என்பதை அது தெளிவாகச் சுட்டுகிறது. அதாவது, அழகு குலையும் என்று அஞ்சிக் குழந்தைக்குப் பாலை நிறுத்தும் தாய் எதையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதுதான் கிடைக்காமல் போகிறது. இப்பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள அக்கா, அண்ணியரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அறுவையில் என்ன நடக்கிறது?

மார்பக உயர்த்தல் அறுவையை மருத்துவர்கள் 'மாஸ்டோபெக்சி' என்பர். பெயரைக் கேட்டதும் மார்பகத்தைப் பெரிதாக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இவ்வறுவையில் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இடமும் வடிவமும்தான் மாறும். தளர்ந்து மிகுந்துபோன தோலை நீக்கி, உள்ளே உள்ள திசுவை மேலே தூக்கித் தைத்து, முலைக்காம்பை உரிய உயரத்துக்கு நகர்த்துவதே அறுவையின் சாரம்.

"காம்பை வெட்டி எடுத்து மீண்டும் ஒட்டுவார்களா?" என்று தோழி ஒருத்தி அச்சத்தோடு கேட்டாள். வழக்கமான உயர்த்தல் அறுவையில் அப்படிச் செய்வதில்லை. காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் அடியில் உள்ள திசுவோடும், அதில் ஓடும் இரத்தக் குழாய்களோடும் நரம்புகளோடும் இணைந்தபடியே மேலே நகர்த்தப்படுகின்றன. அந்த இரத்த ஓட்டத்தைக் காப்பதே அறுவை மருத்துவரின் பெருங்கவலை.

எவ்வளவு தொய்வு என்பதைப் பொறுத்தே எவ்வளவு வெட்டு என்பது அமையும். கனடா நாட்டு அறுவை மருத்துவர் பௌல் ரெக்னோ 1976-ஆம் ஆண்டு வகுத்த அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. மார்பகம் நெஞ்சோடு சேரும் கீழ் மடிப்பை அளவாகக் கொண்டு, காம்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். மடிப்புக்கு நேராக இருந்தால் முதல் நிலை. மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. மார்பகத்தின் அடிமுனைக்கே வந்து தரையை நோக்கியிருந்தால் மூன்றாம் நிலை.

தொய்வு மிகக் குறைவானால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவது போதும். நடுத்தரத் தொய்வுக்கு, வட்டத்தோடு அதிலிருந்து நேர்கீழே ஒரு கோடும் சேரும். மிகுந்த தொய்வுக்கு அவ்விரண்டோடு கீழ் மடிப்பை ஒட்டிக் குறுக்காக மூன்றாவது கோடும் வேண்டும். மூன்றும் சேர்ந்து கப்பலின் நங்கூரம் போலத் தோன்றும். சிறிய வெட்டு என்று கவர்ச்சியாகச் சொல்லி, மிகத் தொய்ந்த மார்பகத்துக்கு வட்ட வெட்டு மட்டும் போட்டால், வடிவம் தட்டையாகும். கருவட்டமும் காலப்போக்கில் விரிந்துவிடும். ஆகவே, "தழும்பு எவ்வளவு சிறியது?" என்பதைவிட, "என் நிலைக்கு எந்த வெட்டு பொருந்தும்?" என்று கேட்பதே அறிவுடைமை.

மேற்பகுதி மிகவும் வெறுமையாக இருப்பவர்களுக்கு, உயர்த்துவதோடு சிலிக்கோன் பையையும் வைப்பதுண்டு. அப்பைகள் வாழ்நாள் முழுதும் நீடிப்பவையல்ல. பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படலாம். சொரசொரப்பான மேற்பரப்புடைய சில வகைப் பைகள் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை எனத் தெரியவந்ததால், 2019-ஆம் ஆண்டில் அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பை வைக்கும் முடிவைத் தனியாகச் சிந்தித்தே எடுக்க வேண்டும்.

யாருக்கு, எப்போது?

இன்னும் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்களைக் காத்திருக்கச் சொல்வதே வழக்கம். அடுத்த கர்ப்பம் அறுவையின் பயனைக் குலைத்துவிடலாம். மேலும், சுரப்பிகளும் பால் குழாய்களும் பெரும்பாலும் காக்கப்பட்டாலும், அறுவைக்குப் பின் பால் கொடுக்கும் திறன் குறையாது என்று எவராலும் உறுதியளிக்க இயலாது. பால் கொடுப்பதை நிறுத்தியவுடனேயும் அறுவைக்குப் போகக் கூடாது. மார்பகம் தன் வடிவத்தில் நிலைபெறச் சில மாதங்கள் விட வேண்டும். எடை குறைக்க முனைந்திருப்பவர்கள் அதை முடித்து, எடை நிலையாக நின்ற பிறகே மருத்துவரைக் காண்பது நல்லது.

உயர்த்தல் அறுவை பெரும்பாலும் அழகியல் சார்ந்தது. மருத்துவக் காப்புறுதி பொதுவாக இதற்குப் பணம் தராது. மிகப் பெரிய மார்பகத்தின் பாரத்தால் கழுத்து வலி, முதுகு வலி, தோளில் கச்சைப் பட்டை பதிந்த பள்ளம், மடிப்பின் கீழ்ப் புண் என்று அவதிப்படுவோருக்குச் செய்யப்படும் மார்பகக் குறைப்பு அறுவை வேறு. அது மருத்துவத் தேவை. மார்பகப் புற்றுநோயால் ஒரு பக்கத்தை இழந்து மறுசீரமைப்புச் செய்துகொண்டவர்களுக்கு, இரு பக்கமும் ஒத்திருக்க மறுபக்கத்தை உயர்த்துவதும் உண்டு. இவ்வறுவை வெறும் ஆடம்பரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதற்கு முன் இவர்களையும் நினைக்க வேண்டும்.

அறுவைக்கு முன்

முதற்சந்திப்பில் மருத்துவர் உடல்நல வரலாற்றைக் கேட்பார், மார்பகத்தைப் பரிசோதித்து அளவெடுப்பார், நிழற்படம் எடுப்பார். பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. நிழற்படங்கள் உங்கள் மருத்துவக் கோப்புக்கு மட்டுமே; விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

குடும்பத்தில் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. வயதையும் குடும்ப வரலாற்றையும் பொறுத்து அறுவைக்கு முன் மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். உயர்த்தல் அறுவை புற்றுநோயை உண்டாக்குவதில்லை. ஆனால் உள்ளே ஏற்படும் தழும்புகள் பின்னாளில் படத்தில் தெரியும் என்பதால், முந்தைய படம் ஒன்று கைவசம் இருப்பது ஒப்பிட உதவும்.

புகைப்பவர்கள் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பின்னரும் தொடரக் கூடாது. நிக்கோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புண் ஆறாது. காம்புக்குச் செல்லும் இரத்தமே தடைபடலாம். மின்சிகரெட்டில் நிக்கோடின் இருந்தால் அதற்கும் இதுவே பொருந்தும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, மூலிகைச் சூரணம் என எதை உட்கொண்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்துதானே என்று விட்டுவிடுவது ஆபத்து. அவற்றுள் சில இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

அன்றும் அதன் பின்னும்

அறுவை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடைபெறும். இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். சிலர் அன்றே வீடு திரும்புவர். சிலர் ஓரிரவு தங்குவர். தேங்கும் இரத்தமும் நீரும் வெளியேற மெல்லிய குழாய் ஒன்றைச் சில நாள் வைப்பதுமுண்டு.

முதல் சில நாள்களுக்கு வீக்கமும் கன்றிப்போன நிறமும் இறுக்கமும் வலியும் இருக்கும். மருத்துவர் தரும் வலிமாத்திரைக்கு வலி கட்டுப்படும். மல்லாந்து, தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும். கம்பியில்லாத ஆதரவுக் கச்சையைச் சில வாரங்கள் இரவும் பகலும் அணிய வேண்டும். முதல் நாளிலிருந்தே எழுந்து மெல்ல நடப்பது அவசியம். கால் நரம்பில் இரத்தம் உறையாதிருக்க அது உதவும்.

மேசை வேலை செய்பவர்கள் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் பணிக்குத் திரும்பலாம். பாரம் தூக்குவதையும் கடும் உடற்பயிற்சியையும் நான்கு முதல் ஆறு வாரங்கள் தவிர்க்க வேண்டும். பாரம் என்றால் அரிசி மூட்டை மட்டுமன்று. இடுப்பில் தூக்கி வைக்கும் கைக்குழந்தையும் பாரம்தான். ஆகவே வீட்டில் ஒருவர் துணை இருந்தே ஆக வேண்டும். கணவருக்குத் தெரியாமல் செய்துகொள்ளக் கூடிய காரியமன்று இது.

நம் வீடுகளில் புண் என்றதும் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள். பிள்ளை பெற்றவர்களுக்குப் போல இறுகத் துணி கட்டவும் முனைவார்கள். ஆறாத அறுவைப் புண்ணில் மருத்துவர் சொல்லாத எதையும் பூசக் கூடாது; கட்டவும் கூடாது. அதே வேளையில், பத்தியம் என்ற பெயரில் மீனையும் முட்டையையும் ஒதுக்குவதும் தவறு. புண் ஆறப் புரதச் சத்து தேவை.

தொடக்கத்தில் மார்பகம் மிக உயரமாகவும் சதுரமாகவும் தோன்றலாம். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. வீக்கம் வடிந்து, திசு படிந்து, இறுதி வடிவம் புலப்படச் சில மாதங்கள் ஆகும். அந்த வடிவமும் நிரந்தரமன்று. வயதும் புவியீர்ப்பும் தம் வேலையைத் தொடரவே செய்யும். மறுபடி கொஞ்சம் இறங்கும்.

தழும்பும் பிற ஆபத்துகளும்

தழும்பில்லாத உயர்த்தல் அறுவை கிடையாது. வெட்டுக் கோடுகள் முதலில் சிவந்து தடித்திருக்கும், ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் படிப்படியாக மங்கும், முற்றிலும் மறையாது. நம்மவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். கருநிறத் தோலில் தழும்பு எல்லை மீறி வளர்ந்து 'கெலாய்டு' ஆகும் வாய்ப்பு வெண்ணிறத் தோலைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்கோ பெற்றோருக்கோ தடித்த கட்டி வளர்ந்திருந்தால், அதை முதற்சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்காரப் பெண்களின் முன்-பின் படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நம் தோல் நிறமுடையவர்களின் படங்களையும் கேட்டுப் பாருங்கள்.

காம்பில் உணர்ச்சி குறைவது சாதாரணம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பும். சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இரு பக்கமும் துல்லியமாக ஒத்திருக்காது. நங்கூர வெட்டில் கோடுகள் சந்திக்கும் முனையில் புண் ஆறத் தாமதமாகலாம். உள்ளே இரத்தம் கட்டுதல், கிருமித் தொற்று, மயக்க மருந்தின் எதிர்விளைவு ஆகியவை எல்லா அறுவைக்கும் உரியவை. அரிதாக, இரத்த ஓட்டம் நின்று காம்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ அழியக்கூடும்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தல், காய்ச்சல், சீழ், காம்பு நீலமாகவோ கருமையாகவோ மாறுதல், கெண்டைக்காலில் வலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அழகு நிலையமா, மருத்துவமனையா?

இப்போது சித்தி காட்டிய விளம்பரத்துக்கு வருவோம். அறுவை இல்லாத 'உயர்த்தல்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் உருவுதல், களிம்பு, நூல், ஊசி ஆகியவையே. உருவுவதாலும் களிம்பாலும் தொய்ந்த மார்பகம் உயராது. நூலின் பயன் சிறிது. நீடிப்பதும் சிறிது காலமே. ஊசிதான் மிகக் கொடியது. மார்பகத்தில் திரவச் சிலிக்கோனையோ பெயர் தெரியாத கூழையோ செலுத்தினால், அது கட்டிகட்டியாக உறைந்து, இடம்விட்டு நகர்ந்து, சீழ் பிடித்து, புற்றுநோய்ப் பரிசோதனையையும் குழப்பிவிடும். இத்தகைய ஊசிக்குப் பரவலாகப் பயன்பட்ட ஒரு வகைக் கூழைச் சீன அரசு 2006-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

2020-ஆம் ஆண்டு அக்டோபரில், கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட இளம்பெண் ஒருவர் உயிரிழந்த செய்தி நாட்டையே அதிரச் செய்தது. அழகு நிலையப் பணியாளர் ஊசி போடவோ கத்தி பிடிக்கவோ சட்டம் இடமளிக்கவில்லை. மருத்துவப் பட்டம் பெற்றவர் எல்லாரும் மார்பக அறுவை செய்யத் தகுதி பெற்றவரும் அல்லர். பிளாஸ்டிக் அறுவைத் துறையில் தனிப்பயிற்சி பெற்ற நிபுணரே இதைச் செய்ய வேண்டும். மலேசியாவில் அவருடைய பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் அத்துறையின் கீழ் உள்ளதா என்பதை இணையத்திலேயே எவரும் சரிபார்க்கலாம். அறுவை நடைபெறும் இடம் 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில: எனக்கு எந்த வகை வெட்டு, ஏன்? இவ்வறுவையை நீங்கள் எத்தனை முறை செய்துள்ளீர்கள்? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? சிக்கல் நேர்ந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது? சொல்லும் தொகையில் மயக்க மருந்து, அறுவைக்கூடம், மறுபரிசோதனை, தேவைப்பட்டால் திருத்த அறுவை ஆகியவை அடங்குமா? இவற்றுக்கு முகம் சுளிப்பவரிடமும், "இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்பவரிடமும் உடலை ஒப்படைக்க வேண்டா.

இறுதியாக

இவ்வறுவையைச் செய்துகொள்ளலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணொருத்தி தன் உடலைத் தனக்கு உகந்தவாறு காண விரும்புவதில் பழியேதும் இல்லை. விரும்பாமல் இருப்பதிலும் குறையேதும் இல்லை. இது ஒரு பண்டமாற்று: உயர்ந்த வடிவத்துக்கு ஈடாக மாறாத் தழும்பையும் சில ஆபத்துகளையும் ஏற்கிறோம். கொடுப்பதையும் பெறுவதையும் அறிந்து ஒப்புக்கொண்டால் அது நம் முடிவு. அறியாமல் ஒப்புக்கொண்டால் அது விளம்பரத்தின் முடிவு.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்தார். கணவருக்கும் அக்காவுக்கும் தெரியாமல், சமையலறையின் பின்பக்கம் மறைவாகப் பேசும்போது அந்த நான்காமவர் இல்லாமலே போய்விடுகிறார். ஆகவே இம்மலரைப் படிக்கும் சகோதரர்களும் இதைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டா.

நான் படித்ததையெல்லாம் ஒரு வார இறுதியில் சித்தியிடம் தொலைபேசியில் விளக்கினேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப பால் குடுத்ததால இல்லையா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அவர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. முன்பணம் கட்டவில்லை; நிபுணர் ஒருவரைப் பார்க்க அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறார். சித்தப்பாவும் உடன் போகிறார்.